கீரைக்கு எது ஓட?

குற்றால சீசனுக்குப் போகிறவர்கள் துண்டும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் ஒரு வருஷம் கீரை விதை எடுத்துக்கொண்டு போனேன்.

தென்காசியில் சொந்தக்காரர் வீடு. ஒரு மாதம் தங்கி எழுத வேண்டிய வேலை இருந்தது. புறவாசலில் ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு பாத்தி சும்மா கிடந்தது. விடுவேனா? சிறுகீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை என்று தெரிந்த பெயர்கள் கொஞ்சம். தவசிக்கீரை, சாயா, சிலோன் பசலை என்று தெருவில் கீரை விற்கிற அம்மாவுக்கே தெரியாத பெயர்கள் கொஞ்சம். விதையும் குச்சியுமாக எட்டு ரகம். மொத்தத்தையும் அந்தப் பதினெட்டு சதுர அடிக்குள் இறக்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள் பச்சைக் கம்பளம் விரித்தது போல முளைத்தது. எல்லாருக்கும் போட்டோ அனுப்பினேன். பதினைந்தாம் நாள் சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலச் சாரல்தான்... கவிஞர்கள் கொண்டாடுகிற அதே சாரல். மூன்று நாள் விடாமல் தூறியதில் கம்பளத்தில் ஓட்டை விழுந்தது. தரையை ஒட்டித் தண்டு அழுகி, நாற்றுகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்துவிட்டன.

பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

''என்னய்யா இது... தேரோட்டக் கூட்டம் மாதிரி நெருக்கிப் போட்டிருக்கிய? செடிக்கு மூச்சு விட எடம் வேண்டாமா?''

''எவ்வளவு இடம் விடணும் ஆச்சி?''

''நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு நரியோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோடன்னு கேட்டதில்லையா?''

கேட்டிருக்கிறேன். ஆனால் அதில் கீரை இல்லையே? கேட்டும்விட்டேன். ஆச்சி சிரித்தார்கள். ''நாளைக்கு வாரேன். வாயால சொன்னா அது வெளங்காது.''

மறுநாள் அவர்கள் வருவதற்குள் நாம் கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிடலாம். ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்கிற கேள்வி, மனுஷன் விதை போட ஆரம்பித்த நாளிலிருந்தே அவனைக் குடைந்துகொண்டிருக்கிறது.

முதலில் அந்தப் பழமொழி. சும்மா எதுகை மோனைக்காகச் சொன்னது என்று நினைத்தால் ஏமாந்து போவோம். வேளாண் துறைக்காரர்கள் இன்றைக்கு என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். தென்னைக்கு மரத்துக்கு மரம் 25 அடி. வாழைக்கு ஆறடி சொச்சம். கரும்புக்கு வரிசைக்கு வரிசை சுமார் மூன்று அடி. ஒரு தேர், ஒரு மாட்டு வண்டி, ஒரு நரி... ஏறக்குறைய அதே கணக்கு! டேப் இல்லாத காலத்தில், எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்த உருவங்களை வைத்து அளவை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. பழமொழி 'இத்தனை அடி' என்று சொல்லவில்லை. நடுவே எது 'ஓட' வேண்டும் என்று சொல்கிறது. இடைவெளி என்பது காலி இடம் இல்லை, பாதை. காற்று போக, வெயில் இறங்க, வேர் நகர, ஆள் நுழைய ஒரு பாதை.

கி.பி. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் மரம் வளர்ப்பதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. மரத்துக்கு மரம் 20 முழம் விட்டால் உத்தமம், 16 முழம் மத்திமம், 12 முழம் கடைசி என்கிறார் அவர். காரணமும் சொல்கிறார். கிளையும் கிளையும் உரசிக்கொண்டு, வேரும் வேரும் பின்னிக்கொண்டு நிற்கிற மரங்கள் சரியாகப் பலன் தராது. 20 முழம் என்றால் 30 அடி. தேர் தாராளமாகவே ஓடும்.

'நண்டோட' விஷயத்தில் நாம் ஒரு பெரிய சுற்று சுற்றி வந்திருக்கிறோம். நெல்லை நெருக்கி, ஒரு குத்துக்கு நாலைந்து நாற்று வைத்து நட்டால்தான் விளைச்சல் என்று ரொம்ப நாள் நம்பினோம். 1983-ல் மடகாஸ்கர் தீவில் ஆன்ரி த லொலானியே என்கிற பிரெஞ்சுப் பாதிரியார், இளம் நாற்றை ஒற்றை ஒற்றையாக, சதுரத்துக்கு 25 சென்டிமீட்டர் தள்ளி நட்டுப் பார்த்தார். ஒவ்வொரு நாற்றும் பக்கவாட்டில் தூர் கட்டிப் பெருத்தது. விதை குறைந்தது, தண்ணீர் குறைந்தது, நெல் குறையவில்லை. 2000-க்குப் பிறகு நம் ஊரில் 'ஒற்றை நாற்று நடவு' என்ற பெயரில் பரவியது அதுதான். 25 சென்டிமீட்டர்! நண்டென்ன, நண்டுக் குடும்பமே ஓடலாம்.

வரிசையாக விதைக்கிற கதையிலும் ஒரு வேடிக்கை உண்டு.

இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் ஜெத்ரோ டல் என்பவரைப் பற்றிப் படிப்பார்கள். 1701 வாக்கில் விதைக்கும் கருவி ஒன்றைச் செய்தவர். கையால் வீசி விதைத்தால் ஒரு இடத்தில் குவியும், ஒரு இடத்தில் மொட்டையாகக் கிடக்கும். இவருடைய கருவி பள்ளம் கீறி, வரிசையாக விதையைப் போட்டு, மண்ணை மூடிவிடும். 1731-ல் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். நவீன விவசாயத்தின் பிதாமகர்களில் ஒருவர் என்று பெயர்.

அடுத்த காட்சி தென்னிந்தியாவில். தாமஸ் ஹால்காட் என்ற வெள்ளைக்கார கேப்டன் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறார். வயலில் ஒரு சாதாரண விவசாயி மரக் கருவி ஒன்றை மாட்டில் பூட்டி விதைத்துக்கொண்டிருக்கிறார். பார்த்தால்... வரிசை வரிசையாக விதை விழுகிறது! விசாரித்தால், 'இது எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து இருக்கு துரை' என்கிற ரீதியில் பதில் வருகிறது. வரிசை விதைப்புக் கருவி ஐரோப்பாக்காரர்களின் சமீபத்திய கண்டுபிடிப்பு என்றுதான் தான் அதுவரை நினைத்திருந்ததாக அவர் மனம்விட்டு எழுதினார். அது 1797-ல் லண்டனில் அச்சாகியும் வந்தது. காந்தியவாதி தரம்பால் 1971-ல் வெளியிட்ட பதினெட்டாம் நூற்றாண்டு இந்திய அறிவியல் பற்றிய புத்தகத்தில், தேடி எடுத்துச் சேர்த்த ஆவணங்களில் ஹால்காட்டின் எழுத்தும் ஒன்று. நம் கரிசல்காட்டுப் பக்கம் பெரியவர்களிடம் 'கொர்ரு' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். அதே வம்சம்தான்.

இடைவெளி தெரியாத சமூகம் இல்லை நம்முடையது. அது ஏட்டில் மட்டும் இல்லை, கையிலும் கருவியிலும் இருந்தது. அவ்வளவுதான்.

ஹால்காட் எழுதிக்கொண்டிருந்த அதே சமயத்தில், நம் குற்றாலத்தை நோக்கி ஒரு செடி கப்பல் ஏறத் தயாராகிக்கொண்டிருந்தது.

கிராம்பு. இன்றைக்கு பிரியாணியில் வாயில் அகப்பட்டால் துப்பிவிடுகிறோம். ஒரு காலத்தில் அதற்காகக் கொலை நடந்தது. கிராம்பின் பூர்வீகம் இப்போதைய இந்தோனேஷியாவின் மொலுக்கா தீவுகள். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே ஒரு பயங்கரமான இடைவெளித் திட்டம் போட்டார்கள். அம்போன் தீவிலும் அக்கம்பக்கத்திலும் மட்டும் கிராம்பு இருக்கட்டும், மற்ற தீவுகளில் இருக்கிற மரங்களை எல்லாம் வெட்டு! படகுப் படையோடு தீவு தீவாகப் போய் வெட்டினார்கள். உள்ளூர் ராஜாக்களுக்கு அதற்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். சரக்கு குறைந்தால் விலை ஏறும் என்பது கணக்கு.

ஆனால் விதைக்குக் காவல் போட யாரால் முடியும்? 1770-ல் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் ஆள் அனுப்பி, கிராம்பையும் ஜாதிக்காயையும் மொரீஷியஸுக்குக் கடத்திக்கொண்டு வரச் செய்தார். 1796-ல் ஐரோப்பாவில் நடந்த சண்டையைச் சாக்கு வைத்து ஆங்கிலேயர்கள் அம்போனையும் பண்டாவையும் பிடித்துக்கொண்டார்கள். சமாதானம் ஆனால் திருப்பித் தரவேண்டி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். 1802-ல் ஆமியான் ஒப்பந்தத்தில் அப்படியேதான் ஆயிற்று. அதற்குள் என்ன செய்யலாம்? நாற்றை அள்ளு! கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளரை அனுப்பி ஆயிரக்கணக்கில் கன்றுகளைச் சேகரித்துக் கப்பலில் ஏற்றினார்கள்.

கொண்டுவந்த செடிக்குப் பிறந்த ஊர் மாதிரியே ஒரு ஊர் வேண்டுமே? ஈரக்காற்று, சரிவான நிலம், ஓயாத தண்ணீர், மிதமான சூடு... மேற்கு மலைத்தொடரில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து வருகிற வாசல்படி ஒன்று இருக்கிறது. குற்றாலம். 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு வாசனைப்பொருள் தோட்டம் போட்டது. இந்தியாவில் கிராம்பு வேர் பிடித்த கதை அங்கேதான் தொடங்குகிறது. 1850-க்குப் பிறகு நீலகிரிக்கும் திருவிதாங்கூரின் தென்பகுதிக்கும் பரவியது. இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளில் விளைகிற கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஐந்தருவிக்குப் பக்கத்தில் 'பழத்தோட்ட அருவி' என்று ஓர் அருவி இருப்பது உங்களுக்குத் தெரியும். அது இருப்பது அரசுத் தோட்டத்துக்குள். அருவிக்கே தோட்டத்தின் பெயர் வைத்த ஊர் அது! சீசனில் ரோட்டோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்து விற்கிறார்களே, அவையும் கிழக்குத் தீவுகளிலிருந்து வந்த விருந்தாளிகள்தான்.

கிராம்புக்கு இடைவெளி எவ்வளவு? மரத்துக்கு மரம் 20 அடிக்குக் குறையாமல் விடுகிறார்கள். பூக்க ஏழெட்டு வருஷம் ஆகும். இளம் கன்றுக்கு நிழலும் வேண்டும். அதனால் நடுவில் வாழை வைப்பார்கள். மெதுவாக வளர்கிறது பெரிதாகும் வரைக்கும், வேகமாக வளர்கிறது அதற்குக் குடை பிடிக்கும். இந்த சங்கதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சி வரும்போது வேலைக்கு ஆகும்.

குற்றாலத்துச் செடிகளைத் தேடி வந்த தாவரவியலாளர்களும் உண்டு. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1830-களில் இந்தப் பக்கம் அலைந்து ஏராளமான செடிகளைச் சேகரித்தார். அவருடைய நூல்களுக்காக ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள் வரைந்த படங்கள் உலகப் பிரசித்தம். இலை, பூ, காய், விதை என்று ஒவ்வொன்றையும் பிரித்துப் போட்டு வரைந்திருப்பார்கள்.

கம்பெனி கணக்கெழுதியது கிராம்புக்கு. தாவரவியலாளர் படம் எழுதியது பூவுக்கும் காய்க்கும். அதே தென்காசியில், அதே சிற்றாற்றுத் தண்ணீரில், புறவாசலில் சின்னதாக ஒரு பாத்தி கட்டி வீட்டுக்குத் தினம் ஒரு சட்டி கீரை எடுத்த பெண்கள் எத்தனை விரல் தள்ளி விதைத்தார்கள் என்று எந்த ரிக்கார்டும் எழுதவில்லை. கீரைக்கு வரி கிடையாது, கப்பலும் கிடையாது. எழுதுவானேன்? பழமொழியிலும்கூட நெல், கரும்பு, வாழை, தென்னை. எல்லாம் வயலில், தோப்பில் விளைகிற காசுப் பயிர்கள்.

சின்னப் பாத்தியில் இடைவெளி எப்படி விடுவது என்று ஒருவர் புத்தகமாகவே எழுதினார். ஆனால் அது அமெரிக்காவில். மெல் பார்த்தலோமியூ. ரிட்டயர்ட் சிவில் இன்ஜினீயர். ஒரு தோட்டத்தைப் பார்த்தார். நீள நீளமான வரிசை, நடுவே மூன்றடி நடைபாதை, அதில் முழுக்கக் களை. 'டிராக்டர் ஓட்டுகிறவனுக்குத்தானே இந்த நடைபாதை வேண்டும்? வீட்டுத் தோட்டத்துக்கு எதற்கு?' என்று கேட்டார். நல்ல கேள்வி இல்லையா? நாலடிக்கு நாலடி பாத்தி. அதைக் கயிறு கட்டி 16 கட்டமாகப் பிரி. ஒரு சதுர அடிக் கட்டத்தில் பெரிய செடி என்றால் ஒன்று, நடுத்தரம் என்றால் நாலு, சின்னது என்றால் ஒன்பது, முள்ளங்கி மாதிரி என்றால் பதினாறு. 1981-ல் வெளிவந்த அந்தப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. டி.வி.யிலும் வந்தது.

பாத்தி ஏன் நாலடி? இரண்டு பக்கமும் உட்கார்ந்து கை நீட்டினால் நடு வரைக்கும் எட்ட வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். நம் ஊர்க் கீரைப் பாத்தியைப் பார்த்தீர்கள் என்றால் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கை நீட்டினால் எட்டுகிற அகலத்தில்தான் இருக்கும். யாரும் புத்தகம் போடவில்லை!

ஆனால் இன்ஜினீயர் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தென்காசியில் வைத்தால் உதைக்கும். 'உயரமான செடியை வடக்குப் பக்கம் வை, அப்போதுதான் மற்றதன்மேல் நிழல் விழாது' என்பது வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களின் பாலபாடம். அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து நிற்கும். தென்காசியோ பூமத்திய ரேகைக்கு ஒன்பது டிகிரி வடக்கே இருக்கிற ஊர். ஆனி, ஆடியில் உச்சிச் சூரியன் தலைக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். மார்கழியில் நேர் எதிர். பாலபாடமே தலைகீழ்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. செடி கப்பலிலும் கூரியரிலும் வந்துவிடும். அதனோடு சேர்ந்த பக்குவம் கூட வராது.

என் எட்டு ரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுகீரையும் தண்டுக்கீரையும் நம் வீட்டுப் பிள்ளைகள். சிலோன் பசலை என்று பேர் வைத்திருக்கிறோமே, அது சிலோனும் இல்லை, பசலையும் இல்லை. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 'சாம்பார் சீரா' என்பார்கள். நம் கீரைதான் அவர்களுக்குச் சீரா. செங்கோட்டையே 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும் வரை அந்தப் பக்கத்து ராஜ்ஜியம்தானே? கீரைப் பெயர்கள் இந்த எல்லையைத் தாண்டுவதற்கு யாரிடமும் பர்மிஷன் கேட்டதில்லை.

இந்தச் சிலோன் பசலையின் குணம், விதை தெறித்துத் தானே முளைப்பது. பாத்தியில் ஒன்று வைத்தால் அடுத்த வருஷம் பாத்தியே அதனுடையது. அதற்கு இடைவெளி என்பது அங்குலக் கணக்கு இல்லை. தனித் தொட்டி.

சாயா மெக்சிகோவின் யுகடான் பக்கத்து மாயா இன மக்களின் கீரை. ஆளுயரத்தைத் தாண்டி வளரும் மரச்செடி. இலையில் சத்து ஏராளம். ஆனால் பச்சையாகத் தின்னக் கூடாது, சயனைடு உண்டாக்கும் பொருள் அதில் இருக்கிறது. மூடி போடாமல் 15, 20 நிமிஷம் நன்றாகக் கொதிக்க வைத்தால் அது போய்விடும். மாயா பாட்டிகளுக்கு இது தெரியும். குச்சியோடு வந்த பேப்பரில் இது இல்லை.

தவசிக்கீரைக்கு 'மல்டிவைட்டமின் கீரை' என்று இன்னொரு பெயர். இந்தோனேஷியாவில் 'காதுக்' என்பார்கள். பிள்ளை பெற்ற தாய்மார்களுக்குச் சமைத்துக் கொடுக்கிற கீரை. மலேசியாவில் முட்டை போட்டு வதக்குவார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படி வேகவைத்துச் சாப்பிட்டு வந்த கீரை, தைவானுக்குப் போனது. அங்கே 1990-களின் நடுவில் யாரோ, இதைப் பச்சையாக அரைத்துப் பழச்சாற்றோடு தினமும் குடித்தால் உடம்பு இளைக்கும் என்று கிளப்பிவிட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு மூச்சுத் திணறல். நுரையீரலின் சிறு குழாய்கள் அடைத்து, திரும்பச் சரியாகாத நோய். சிலர் இறந்தார்கள். சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போயிற்று.

செடி என்னவோ அதே செடிதான். பக்குவம் மட்டும் கப்பல் ஏறவில்லை.

இன்றைக்கு மாடித் தோட்டம் போடாத தெரு இல்லை. ரொம்ப நல்ல விஷயம். அபூர்வக் கீரை விதை வீடு தேடி வருகிறது. அதோடு ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டு வையுங்கள். இதற்கு எவ்வளவு இடம் விடணும்? இதை எப்படிச் சமைக்கணும்? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிக்காமல் சட்டியில் போடாதீர்கள்.

சரி, ஆச்சி வந்துவிட்டார்கள்.

வந்ததும் முதல் காரியமாக, நின்ற நாற்றில் பாதியைப் பிடுங்கினார்கள். எனக்கு நெஞ்சு பதறியது. ''பதறாதிய... இது களை இல்ல, இன்னைக்குக் கொழம்பு'' என்று மடியில் கட்டிக்கொண்டார்கள். கீரைக்கு இடைவெளி விதைக்கும்போது விடுவதில்லை, பறிக்கும்போது விடுவது! முதலில் நெருக்கமாக முளைக்கும். பத்துப் பதினைந்து நாளில் இளசாகக் கலைத்துவிட வேண்டும். கலைத்தது சட்டிக்கு. நின்றது பெருக்கும். திரும்பவும் கலைக்க வேண்டும். தோட்டத்தில் எல்லாப் பயிருக்கும் இந்தச் சௌகரியம் கிடையாது.

''அடுத்த தடவ வெதைய மண்ணோட கலந்து தூவணும். கடுகு மாதிரி விதை, கைக்கு அளவு தெரியாது. ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல்'' என்றார்கள்.

பிறகு அளந்தார்கள். டேப் இல்லை, விரல்தான். வேரோடு பிடுங்குகிற சிறுகீரைக்கு நாலு விரல். தண்டு பருக்க வேண்டிய தண்டுக்கீரைக்கு ஒரு சாண். கிள்ளக் கிள்ளத் துளிர்க்கிற அரைக்கீரைக்கு அரைச் சாண், வருஷம் பூரா அங்கேதானே இருக்கப் போகிறது. புதர் கட்டுகிற மணத்தக்காளிக்கு ஒரு முழம். ஆக, செடியின் உயரத்தை வைத்து இல்லை, அதை நாம் எப்படி எடுக்கப் போகிறோம் என்பதை வைத்து இடம். பிடுங்குவதற்குக் குறைவு, கிள்ளுவதற்குக் கொஞ்சம் கூட, ஒடிப்பதற்கு நிறைய.

''இதுவும் வெயில் காலத்துக் கணக்கு. சாரக் காலத்துக்கு எல்லாத்துக்கும் ரெண்டு வெரல் கூட்டிக்கிடணும்.''

ஏன் என்று நான் கேட்கவில்லை. அழுகிக் கிடந்த நாற்றுகளே பதில். சாரல் பெரிய மழை இல்லை. ஆனால் தண்டு காய விடாது. காற்று நுழைய வழியில்லாமல் நெருங்கி நின்றால் தரையோரம் ஈரம் தங்கி நாற்றழுகல் வரும். இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகத் துருவும் வரும். சித்திரை வெயிலில் அதே நெருக்கம் நல்லது. இலை ஒன்றையொன்று தொட்டு மண்ணுக்கு நிழல் போடும், ஈரம் காயாது. ஒரே பாத்தி, ஒரே கீரை, சீசனுக்கு ஒரு கணக்கு.

தவசிக்கீரைக் குச்சி இரண்டையும் பாத்தியின் மேற்கு ஓரத்தில், ஒன்றரை முழம் தள்ளி ஊன்றினார்கள். வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை. ''காத்து அங்கேருந்துதானே வருது? அது தடுக்கும். சாயந்தர வெயிலையும் மறைக்கும்.'' அது வளர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் இரண்டுக்கும் நடுவே சிறுகீரை தூவினார்கள். கிராம்புக்கு நடுவில் வாழை, ஞாபகம் இருக்கிறதா? கம்பெனித் தோட்டத்தைப் பார்த்திராத ஆச்சி, அதே சூத்திரத்தை மூன்றடிக்குள் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

தண்ணீர் தேங்குகிற மூலையில் வல்லாரை. வேலியோரம் கொடிப்பசலை, அது மேலே போகட்டும், கீழே இடம் கேட்காது. சிலோன் பசலை தொட்டிக்கு. சாயாக் குச்சியை மோந்து பார்த்துவிட்டு, ''இது யாருன்னு எனக்குத் தெரியாதுய்யா. தெரியாத ஆள வீட்டுக்குள்ள படுக்க வைக்க முடியுமா? வேலிக்கு அந்தப் பக்கம் நடுங்க'' என்றார்கள். எனக்கு தைவான் ஞாபகம் வந்தது. அந்த ஒரு வாக்கியம் அங்கே யாராவது சொல்லியிருந்தால்?

வேலை முடிந்தது. பாத்தியைப் பார்த்தால் எனக்கு ஏமாற்றம்தான். கம்பளம் போய், வழுக்கை விழுந்த தலை மாதிரி இருந்தது. கிளம்புகிற வாரத்தில் போய்ப் பார்த்தேன். வழுக்கை மூடியிருந்தது.

''ஆச்சி, இன்னும் ஒண்ணு பாக்கி. நெல்லுக்கு நண்டு, கரும்புக்கு நரி... கீரைக்கு எது ஓடணும்?''

ஆச்சி பதில் சொல்லவில்லை. குனிந்து, இரண்டு தண்டுக்கீரைக்கு நடுவே கையை விட்டார்கள். ஐந்து விரலும் இலையில் படாமல் உள்ளே போய், அடித்தண்டைப் பிடித்து, ஒன்றை மட்டும் வேரோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. பக்கத்துச் செடி அசையவில்லை.

அந்தக் கீரையோடு தென்காசியிலிருந்து ரயிலேறினேன். அந்த வருஷத்துச் சீசனில் நான் ஒரு நாள்கூட அருவிக்குப் போகவில்லை என்பது வண்டி கிளம்பிய பிறகுதான் உறைத்தது.